வீட்டுக்குள் கடல் வந்த வழி: ஒரு குழாயின் வரலாறு

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு இது. வழக்கம்போல நீளமானது. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

வரலாற்று வகுப்பில் அரசர்களையும் போர்களையும் நடத்தி முடித்த பிறகு, மணி அடிக்கக் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தால், ஏதாவது ஒரு சாதாரணப் பொருளின் கதையைச் சொல்வேன், நினைவிருக்கிறதா? தீப்பெட்டி, தையல் ஊசி, சைக்கிள் டயர் என்று. இன்றைக்கு அப்படி ஒன்று: வீட்டில் கடல்மீன் வளர்க்கும் தொட்டியின் அடியில் ஓடுகிற குழாய்.

நன்னீர் மீன்தொட்டி நம் எல்லோருக்கும் தெரியும். உப்புநீர்த் தொட்டி வேறு சாதி. கடலில் இருக்கிற உயிருக்குப் பழக்கமானது மாறாத நீர். உப்பின் அளவு, சூடு, நீரில் கரைந்த காற்று எல்லாம் அங்கே நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. அந்த உயிரை நான்கடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்தால், அது விடும் கழிவே இரண்டு நாளில் அதற்கு நஞ்சாகிவிடும். ஆகவே நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடும் வழியில் சுத்தமாக வேண்டும், காற்றும் கலக்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்விக்கு மனிதர்கள் கண்ட விடைகள்தான் இந்தக் குழாயின் வரலாறு.

முதல் விடை ஒரு பெண்ணின் கை.

1846-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டார்க்கி என்ற ஊர். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் மதகுரு ஒருவரின் மனைவி அன்னா தின் அங்கே போயிருக்கிறார். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். பாறை இடுக்கில் உயிருள்ள கல்பவளங்களைப் பார்த்ததும் அவற்றை லண்டனுக்கு எடுத்துப்போக ஆசைப்படுகிறார். வழியில் உருண்டு நசுங்காமல் இருக்க, ஊசி நூலால் அவற்றை ஒரு கடற்பஞ்சில் வைத்துத் தைத்து, கடல்நீர் நிரப்பிய ஜாடியில் வைத்துக் கொண்டுபோகிறார். இந்த ஊசி நூல் யோசனை ஓர் ஆண் விஞ்ஞானிக்கு வந்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

லண்டனில் கடல் இல்லை. ஜாடியில் வந்த கொஞ்ச நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். அன்னா தின் ஒரு வழி கண்டார். திறந்த சன்னலுக்கு முன்னால் நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றுவது. நம் ஊர் டீக்கடையில் டீ ஆற்றுகிறார்களே, அதே மாதிரி. ஒரு தடவைக்கு அரை மணி, முக்கால் மணி நேரம். ஊற்றியவர் அவருடைய வீட்டுப் பணிப்பெண். அன்னா தின் பிற்பாடு எழுதிய குறிப்பில், அந்தப் பெண்ணுக்கு இது அலுப்பான வேலையாகத்தான் இருந்திருக்கும் என்று ஒப்புக்கொள்கிறார். அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்தார். பாசி வெளிச்சத்தில் ஆக்சிஜனை விடும். பவளம் அதைச் சுவாசிக்கும். அந்தப் பவளங்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் உயிரோடு இருந்தன. கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் அது அதுவரை யாரும் செய்யாத காரியம்.

அந்தப் பணிப்பெண்ணை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் முதல் பம்ப் அவர்தான்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1845-இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது. கண்ணாடி மலிவானது. 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், மீனும் நீர்ச்செடியும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்ளும் தொட்டியைப் பற்றி லண்டன் வேதியியல் சங்கத்தில் கட்டுரை படித்தார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்காக மீன் கூடம் திறந்தார்கள். 1854-இல் ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோனது. சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் நல்ல தண்ணீரில் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் வெளியிட்டார். கடலே பார்க்காத ஊரிலும் கடல்நீர் கிடைத்துவிட்டது. வசதியுள்ள வீடுகளின் முன்னறையில் பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு கடல்தொட்டி வைப்பது நாகரிகமாயிற்று.

ஆனால் அந்தத் தொட்டிகளில் பெரும்பாலானவை நாறிப்போயின. ஏனென்றால் அவற்றில் நீர் ஓடவில்லை. பாசியை வைத்தால் போதும், எல்லாம் தானே சமநிலைக்கு வந்துவிடும் என்று மக்கள் நம்பினார்கள். வெயில் பட்டால் நீர் பச்சையாகும். ஒரு நத்தை செத்தால் மறுநாள் எல்லாம் சாகும். சில ஆண்டுகளிலேயே மோகம் தணிந்தது.

இந்தத் தோல்வியைக் கவனித்துக் காரணம் தேடியவர்கள் இருவர். இருவருமே பல்கலைக்கழக ஆட்கள் இல்லை. அதனாலேயே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

ஒருவர் எட்வர்ட் எட்வர்ட்ஸ், வேல்ஸ்காரர், 1803-இல் பிறந்தவர். துணி வியாபாரம் பார்த்தார், பிறகு மெனாய் நீரிணைக் கரையில் இரும்பு வார்ப்பாலை நடத்தினார். நீரிணையின் பாறைக் குட்டைகளை மணிக்கணக்கில் பார்த்தவர் அவர். வெயில் நேரத்தில் குட்டையில் இருக்கும் உயிர்கள் எல்லாம் பாறைப் பிளவுகளின் இருட்டுக்குள் போய்விடுவதைக் கண்டார். அப்படியானால் தொட்டிக்கும் ஓர் இருட்டறை வேண்டும். தொட்டியின் அடிப்பலகையை முன்னிருந்து பின்னோக்கிச் சரிவாக உயர்த்தினார். சரிவுக்குக் கீழே, பின்பக்கம், வெளிச்சம் படாத ஓர் அறை. முன்னால் இருக்கும் நீரும் அறையில் இருக்கும் நீரும் இடுக்குகள் வழியே கலக்கும். இருட்டில் இருக்கிற நீரில் பச்சைப் பாசி வளராது. அது குளிர்ச்சியாகவும் தெளிவாகவும் இருக்கும்.

இன்னொருவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலாளி. கடல் உயிர்கள் மீது பைத்தியம். லண்டனில் போர்ட்லண்ட் சாலையில் தொட்டிகளும் கடல் உயிர்களும் விற்கும் கடை வைத்தார். 1858-இல் அவர் அச்சிட்ட விலைப்பட்டியலே ஒரு புத்தகம். மோகம் தணிந்தபோது கடையும் படுத்தது. 1862-இல் திவாலானார். நம்மில் பலர் அந்த இடத்தில் ஊர்ப்பக்கம் போயிருப்போம். அவர் ஜெர்மனிக்குப் போனார். ஹாம்பர்க் விலங்குக் காட்சிச்சாலையில் 1864-இல் திறந்த கடல்நீர்க் கூடம் அவர் பொறுப்பில் உருவானது. பிறகு லண்டனுக்குத் திரும்பி, 1871-இல் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் அந்தக் காலத்தின் மிகப் பெரிய கடல்நீர்க் கூடங்களில் ஒன்றை அமைத்தார்.

லாய்டு செய்ததை நம் வீட்டுப் பாஷையிலேயே சொல்லிவிடலாம். நம் வீடுகளில் தரைக்குக் கீழே சம்ப், மாடியில் ஓவர்ஹெட் டேங்க். மோட்டார் போட்டால் நீர் மேலே ஏறும், மேலிருந்து குழாய்களில் இறங்கும். லாய்டு கட்டியதும் அதுவே. காட்சித் தொட்டிகளுக்குக் கீழே, இருட்டில், பெரிய சம்ப். நீராவி எந்திரத்தால் ஓடும் பம்ப் நீரை மேலே ஏற்றும். தொட்டி தொட்டியாக வழிந்து, காற்றைக் கலந்துகொண்டு, நீர் மீண்டும் சம்ப்புக்கே வரும். ஒரே வித்தியாசம், நம் சம்ப்பின் நீர் பயன்படுத்தித் தீர்ந்துவிடும். அவருடைய நீர் சுற்றிக்கொண்டே இருக்கும். கடற்கரையிலிருந்து ஒருமுறை கொண்டுவந்த நீரையே வருடக்கணக்கில் சுற்றவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது அளவு. கீழே இருட்டில் கிடந்த நீர், மேலே மக்கள் காசு கொடுத்துப் பார்த்த நீரைப் போலப் பல மடங்கு. முதலாளிகளுக்கு இது வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். யாரும் பார்க்காத ஒரு குழிக்கு எதற்கு இவ்வளவு செலவு? லாய்டு விட்டுக்கொடுக்கவில்லை. மேலே ஒரு தொட்டி கெட்டுப்போனால் அதன் நீரைக் கீழே விட்டுவிடலாம். அந்தப் பெரிய நீரில் கலந்து, சுற்றி, மீண்டும் தெளிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரியாக இருந்தது. ஏன் சரியாக இருந்தது என்பது அவர் கட்டிய காலத்தில் உலகில் யாருக்கும் தெரியாது. 1877-இல்தான் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கழிவுநீரை மணல் வழியே வடியவிட்டு, அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது உயிருள்ள ஏதோ ஒன்று என்று நிரூபித்தார்கள். 1890-இல் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். மீன் விடும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற இவை, காற்றுக் கலந்த நீர் ஓடுகிற எல்லாப் பரப்புகளிலும் படிந்து வாழும். லாய்டின் சம்ப்பிலும் தொட்டிப் பாறைகளிலும் குழாய்களின் உட்சுவரிலும் அவைதான் வேலை செய்துகொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத பணிப்பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீர் ஓட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எதற்குள் ஓடுவது? இங்கேதான் குழாய்க் கதை சுவாரசியமாகிறது.

அன்றைக்கு வீட்டுக் குழாய் என்றால் ஈயம். வால்வும் பம்பும் பித்தளை, வெண்கலம். கடல்நீர் உலோகத்தை அரிக்கும் என்பது தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். தொட்டியில் அரிப்பு மட்டும் பிரச்சினை இல்லை. கரைந்த செம்பு மிகக் கொஞ்சமாக இருந்தாலே நண்டு, இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்கள் செத்துவிடும். பித்தளையில் செம்பும் துத்தநாகமும்தானே இருக்கின்றன? ஒரு சின்னப் பித்தளை வால்வு ஒரு தொட்டியையே காலி செய்ய முடியும்.

லாய்டு கண்ட மாற்று வல்கனைட். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சுட்டால் மரம்போல் கெட்டியாகும் கருப்புப் பொருள். எபோனைட் என்றாலும் அதுதான். இயற்பியல் ஆய்வகத்தில் கம்பளியில் தேய்த்துத் துண்டுக் காகிதத்தைத் தூக்கிக் காட்டுவார்களே, அந்தக் கருப்புக் கோல். பழைய மைப்பேனாக்களின் உடலும் அதே. பேனாவுக்கும் சீப்புக்கும் ஆன அந்தப் பொருளில் லாய்டு குழாயும் பம்பும் செய்வித்தார். கடல்நீர் அதை ஒன்றும் செய்யாது, அதுவும் கடல்நீரை ஒன்றும் செய்யாது. விலை மட்டும் அதிகம்.

அன்டன் டோர்ன் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் இத்தாலியின் நேபிள்ஸ் நகரில் கடற்கரையோரம் ஓர் ஆய்வுநிலையம் கட்டியபோது, தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் லாய்டின் உதவியைத்தான் நாடினார். 1874 ஜனவரியில் அங்கே மக்களுக்கான கடல்நீர்க் கூடம் திறந்தது. கீழ்த்தளத்தில் மீன் பார்க்க வருகிறவர்களின் டிக்கெட் காசு, மேல்தளத்தில் ஆய்வு செய்கிறவர்களுக்கு உதவ வேண்டும் என்பது டோர்னின் யோசனை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அது இருக்கிறது. சில வருடங்கள் மூடிவைத்துப் புதுப்பித்து 2021-இல் மறுபடி திறந்தார்கள். கிரிஸ்டல் பேலஸ் கூடத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1880-இல் லாய்டு இறந்தார். கூடமும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. கிரிஸ்டல் பேலஸ் மாளிகையே 1936-இல் எரிந்துபோனது. கூடம் இருந்த இடத்தில் இன்று ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது.

நம் பக்கமும் இந்த அலை வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-இல் மெரினா கடற்கரையில் கடல்மீன் கூடம் ஒன்று திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற அச்சத்தில் அதை மூடிவிட்டார்கள். உங்கள் தாத்தா பாட்டிகளில் சிலர் அதைப் பார்த்திருக்கக்கூடும்.

ஆனால் வீடு? பெரிய கூடங்களுக்கு நீராவி எந்திரமும் வல்கனைட்டும் கிடைத்தன. வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டவருக்கு அவை எட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வீட்டுத் தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் புட்டி வைத்து ஒட்டியவை. உப்புநீர் ஊற்றினால் சட்டம் துருப்பிடிக்கும். அந்தக் கதவைத் திறந்தவை மூன்று பொருட்கள்: பி.வி.சி. குழாய், சிலிக்கோன் பசை, சின்ன மின்சாரப் பம்ப். பி.வி.சி.யை ஓய்கன் பௌமன் 1872-இலேயே ஆய்வகத்தில் கண்டார். ஆனால் அது குழாயாக ஆனது 1930-களின் ஜெர்மனியில். போருக்குப் பிறகுதான் உலகம் முழுவதும் பரவியது. 1960-களில் சிலிக்கோன் பசை வந்ததும் சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடி ஒட்ட முடிந்தது. லாய்டு காசைக் கொட்டித் தேடியது, உலோகம் தொடாத நீர்வழி, இப்போது எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைத்தது.

1961-இல் இந்தோனேசியாவிலிருந்து லீ சின் எங் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய தொட்டியில் பெரிய வடிகட்டி எதுவும் இல்லை. கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் குடியிருக்கும் பாறைத் துண்டுகள், கொஞ்சம் காற்றுக் குமிழி, நல்ல வெளிச்சம். அவ்வளவுதான். நுண்ணுயிர்களின் வீடு பாறை என்பதை அவர் கண்கூடாகக் காட்டினார். ஜெர்மன்காரர்கள் நுரை பிரிக்கும் கருவியைச் சேர்த்தார்கள். குழாயில் மெல்லிய குமிழிகளைக் கிளப்பி, நீரில் உள்ள அழுக்கை நுரையாக மேலே தள்ளி அப்புறப்படுத்துவது அது. கடற்கரையில் அலை ஒதுங்கும் இடத்தில் பழுப்பு நுரை சேர்கிறதே, அதே வேலை. 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் எழுதிய தொடர், தொட்டியின் கீழே அலமாரிக்குள் சம்ப் வைத்து, மேலிருந்து வழியும் நீரை அதில் சொட்டவிட்டுச் சுத்தம் செய்யும் முறையைப் பரவலாக்கியது. லாய்டின் சம்ப் 115 ஆண்டுகள் கழித்து வீட்டு அலமாரிக்குள் வந்து சேர்ந்தது.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம், சென்னையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடித்துக் கிண்டல் செய்யுங்கள். ஏழு வருடமாக ஓடிய தன் நான்கடி உப்புநீர்த் தொட்டியைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார். "டீச்சர், கண்ணாடிக்கு ஆன காசைவிட பைப்பு, எல்போ, வால்வுக்கு அதிகம் ஆயிடுச்சு. வீட்ல திட்டு விழுது. கொஞ்சம் குறைச்சுக்கவா?" என்று வாட்ஸப்பில் கேட்டார். நான் வரலாற்று டீச்சர்; பிளம்பர் இல்லை. ஆனாலும் குறைக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஏன் என்று கேட்டவருக்கு எழுதிய பதில்தான் நீண்டு இந்தப் பதிவாயிற்று. அவருக்குச் சொன்னதில் எல்லோருக்கும் பயன்படக்கூடியதை இங்கே தருகிறேன்.

முதலாவது, கரண்ட் போனால் என்ன நடக்கும்? பம்ப் நின்றதும் இரண்டு வழியில் நீர் கீழே இறங்கும். வழியும் விளிம்புக்கு மேலே நிற்கும் நீர் வடிந்து இறங்கும். அதோடு, மேலே நீர் விடும் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், அதே குழாய் சைபனாக மாறி நீரைக் கீழே இழுக்கும். நான்கடித் தொட்டி என்றால் சுமார் 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம். இரண்டு சென்டிமீட்டர் மட்டம் இறங்கினால் சுமார் 11 லிட்டர். குழாய் வாய் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர். சம்ப்பில் அவ்வளவு காலி இடம் இல்லையென்றால் உப்புநீர் உங்கள் வரவேற்பறையில். ஆகவே குழாய் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வையுங்கள். மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு துளை போட்டால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து சைபன் அறுந்துவிடும். என்.ஆர்.வி. வால்வை மட்டும் நம்பாதீர்கள். உப்புப் படிந்தோ ஒரு நத்தை சிக்கியோ அது மூடாமல் போகலாம். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இது முதல் பாடம்.

இரண்டாவது, கீழே இறங்கும் வழி ஒன்றாக இருக்கக் கூடாது. ஓர் இலையளவு பாசி அடைத்தால் போதும். பம்ப் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், தொட்டி நிரம்பி வழியும். பிரதான வடிகால் ஒன்று. அது அடைத்தால் ஏற்றுக்கொள்ள, கொஞ்சம் உயரத்தில் வாய் வைத்த, வால்வே இல்லாத இன்னொன்று. நம் குளங்களில் மதகு தனி, கலிங்கு தனி என்று நம் முன்னோர் வைத்தது இதே காரணத்துக்குத்தான். மதகு அடைத்தாலும் கலிங்கு ஊரைக் காக்கும்.

மூன்றாவது, பம்புக்குப் பக்கத்தில் யூனியனும் வால்வும் போடுங்கள். கழற்றிக் கழுவ முடியாத பம்ப் ஒருநாள் சனிக்கிழமை ராத்திரி நின்றுபோகும். சொல்யூஷன் போட்டு ஒட்டிய இணைப்புகளை நன்றாகக் காயவிட்டு, நல்ல தண்ணீரை ஒருநாள் சுற்றவிட்டுக் கொட்டிய பிறகே உப்புநீர் ஊற்றுங்கள். ஒழுகுவது தெரிய வேண்டியது மீன் வருவதற்கு முன்னால். பித்தளை நிப்பிள், ஜி.ஐ. கிளாம்ப் எதுவும் நீரைத் தொடக் கூடாது. "சின்னதுதானே சார், ஒண்ணும் ஆகாது" என்று பிளம்பர் சொல்வார். லாய்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பிரிக்கிறபோது பழைய பாறைகளைக் காயவிடாதீர்கள். சுரண்டிக் கழுவவும் வேண்டாம். பழைய கடல்நீரிலேயே, சின்னப் பம்ப் ஓடும் தொட்டிகளில் போட்டு வையுங்கள். ஏழு வருடமாகக் குடியேறிய நுண்ணுயிர்கள் அவற்றில்தான் இருக்கின்றன. அவை செத்தால் புதுக் கண்ணாடியும் புதுக் குழாயும் இருந்தும், புதுவீட்டில் வேலை செய்ய ஆள் இருக்காது. அமோனியா ஏறும், முதலில் போவது பழைய மீன்கள்தான்.

இனி, தூத்துக்குடிப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. இதற்காகத்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன்.

காஸின் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆயிரக்கணக்கானோர் வாளியும் உளியுமாக இங்கிலாந்துக் கடற்கரைக்குப் போனார்கள். காஸ் சிறுவயது மகனோடு நடந்து மகிழ்ந்த பாறைக் குட்டைகள் வெறுமையாயின. அந்த மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் எழுதிய தன் வாழ்க்கை நூலில் இதை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். கடலை நேசிக்கக் கற்றுத்தந்த புத்தகமே கடற்கரையைக் காலி செய்தது.

நம் மன்னார் வளைகுடாவில் நடந்ததும் நமக்குத் தெரியும். பவளப்பாறையை வெட்டி வள்ளத்தில் ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அவற்றில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் பின்னர் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்த பாறையை வெட்டினால் தீவு எப்படி நிற்கும்? 2001 முதல் பாறை கட்டும் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. எடுப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். "ராமேஸ்வரத்திலிருந்து வந்த பாறை, ஃப்ரெஷ் பீஸ்" என்று யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள். நுண்ணுயிர் குடியேறச் சுட்ட மண் துண்டும் செயற்கைப் பாறையும் போதும். சில வாரம் பொறுமை வேண்டும், அவ்வளவே. குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீன்கள் இப்போது கிடைக்கின்றன. கடலில் பிடித்தவை எதற்கு?

அன்னா தின் ஜாடியில் கொண்டுபோனது சில பவளங்கள். அவற்றை மூன்றாண்டு காப்பாற்ற ஒருவர் மனம்வைத்தார், இன்னொருவர் கைவலிக்க நீர் ஊற்றினார். அந்த இரண்டும் இல்லாமல் ஒரு துளிக் கடலைக்கூட வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது என்பதே இந்த 180 வருடக் கதை சொல்வது. இன்று அந்தக் கையின் வேலையைக் குழாயும் பம்பும் செய்கின்றன. அதனால் குழாய்க்குக் கணக்குப் பார்க்காதீர்கள். பார்ப்பதற்கு அழகான மேல்தொட்டியைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் சம்ப்பைப் பெரிதாக்குங்கள். மனம்வைக்கும் வேலையை மட்டும் எந்தப் பம்பும் செய்யாது, அது உங்களுடையது.

வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், கரண்ட் போனபோது என்ன ஆயிற்று என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும். மெரினா மீன் கூடத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு தையல் மிஷின் கதை. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்